ஏணிப் பதிவேடு

“ஏணி வேணும்” என்றேன்.

சாமான் கிடங்கின் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கிடங்குக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு, கேட்டது நான்தானா என்று பார்த்தார்.

“என்னம்மா கேட்டே?”

“ஏணி.”

“வாளி இருக்கு. புது வாளி, பிடிகூட இன்னும் உடையல. விளக்குமாறு தரட்டா?”

“ஏணிதான்ணே வேணும்.”

பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. யாரோ தேநீர்க் குவளையை மேசைமேல் மெதுவாக வைத்தார்கள். குடியிருப்புப் பராமரிப்பு அலுவலகத்தில் காலை பத்து மணிக்கு அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. வழக்கமாக அந்த நேரத்தில்தான் ஊர்க்கதை சூடு பிடிக்கும்.

நான் இங்கே வேலையில் சேர்ந்த அன்று அப்பா ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னார். “நாற்காலி கேளு, காத்தாடி கேளு, லீவு கேளு. ஏணியை மட்டும் கேட்காதே.” ஏன் என்றேன். “கேட்காதேன்னா கேட்காதே.” அப்பா இதே அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகக் குழாய் ரிப்பேர் செய்கிறவர். அவருக்குத் தெரியாத உள்விவகாரம் இங்கே எதுவும் இருக்காது என்று நம்பினேன். அந்த நம்பிக்கை மட்டும் வீண்போகவில்லை.

நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் அணிலிலிருந்து தொடங்க வேண்டும்.

நாங்கள் இருப்பது அலுவலகம் கொடுத்த வீடு. வரிசையாக நாற்பது வீடுகள், எல்லாம் ஓட்டுக்கூரை. ஓட்டுக்குக் கீழே பலகைத் தட்டு அடித்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஆள் குனிந்து உட்காரும் உயரத்துக்கு ஒரு பரண். வீட்டு மின்கம்பி எல்லாம் அதன் வழியாகத்தான் ஓடுகிறது. முன்னறையில், பரணுக்கு நேர் கீழே, அம்மாவின் தையல் மெஷின். முதலில் மேலே கீச் கீச் என்று சத்தம் கேட்டபோது அம்மா சிரித்தாள். “பாவம், ஓடி விளையாடுதுங்க.” பிறகு தைத்துக்கொண்டிருந்த துணிமேல் சிவப்பும் கறுப்புமாகத் துணுக்குகள் உதிர ஆரம்பித்தன. எடுத்துப் பார்த்தேன். மின்கம்பியின் மேல்தோல்.

நான் விலங்கியல் பட்டதாரி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான் என்று சொல்லிக்கொள்வார்கள். அது தப்பு. அப்பா எனக்கு முன்பே தாண்டியிருக்கிறார், கழிப்பறைக் குழாய் மாற்ற. படித்து முடித்து இரண்டு வருடம் வேலை இல்லாமல் அம்மாவுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் மனு எழுத எனக்கு நேரம் இருந்தது.

முதல் மனு கொடுத்த பதினெட்டாம் நாள் அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். காலை பதினொரு மணி. அணில் பகலில் இரை தேட வெளியே போய்விடும், சாயங்காலம்தான் திரும்பும் என்று சொன்னேன்.

“எங்க ஆபீஸ் நேரத்துல அது வீட்ல இல்லைன்னா அதுக்கு நாங்க என்னம்மா பண்றது?” என்றார் மேற்பார்வையாளர்.

அவருக்குக் ‘காது’ என்று பட்டப்பெயர். காரணம் அன்றுதான் தெரிந்தது. தையல் மெஷினை நகர்த்தச் சொல்லிவிட்டு அது இருந்த இடத்தில் போய் நின்றார். கண்ணை மூடினார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். கூட வந்த இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தத்தைக்கூட நிறுத்தச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

“எழுதிக்கோ. மேலே ஒண்ணும் கேக்கல.”

“ஏறிப் பாருங்க சார்” என்றேன்.

மூன்று பேரும் நான் கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள்.

மறுநாள் கண்காணிப்பாளர் அறைக்கே போனேன். அலுவலகத்தின் தலை அவர். வழுக்கையில் எண்ணெய் தடவி, மேசைக் கண்ணாடியில் அது தெரிகிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்கிற ஆள். என்னை உட்காரச் சொன்னார். அன்பாகத்தான் பேசினார்.

“படிச்ச பொண்ணு நீ, உனக்குப் புரியும். ஏறினா என்ன ஆகும்? பார்ப்போம். பார்த்தா என்ன ஆகும்? அணில் இருக்கறது தெரிஞ்சுடும். தெரிஞ்சுட்டா நடவடிக்கை எடுக்கணும். எடுத்தா, அது சரியா தப்பான்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். முப்பது வருஷமா இந்த ஆபீஸ் மேல ஒரு புகார் நிரூபணம் ஆனதில்ல. ஏன்? நாங்க எதையும் பார்த்ததில்ல.”

இதை அவர் பெருமையாகச் சொன்னார். பின்னால் சுவரில் பாராட்டுப் பத்திரம் மாட்டியிருந்தது.

அது மட்டுமல்ல, பரண் யாருடையது என்பதிலும் சிக்கல் இருந்தது. சுவருக்கு ஒரு பிரிவு, தரைக்கு ஒரு பிரிவு, கூரைக்கு ஒரு பிரிவு. கூரைப் பிரிவு, ஓடு நனைகிற பக்கம் மட்டுமே தங்கள் பொறுப்பு என்றது. சுவர்ப் பிரிவு, சுவர் எங்கே முடிகிறதோ அங்கே தாங்களும் முடிந்துவிடுவதாக எழுதிக் கொடுத்தது. தரைப் பிரிவுக்காரர் மட்டும் நல்ல மனிதர். “அணில் கீழ விழுந்துச்சுன்னா என்கிட்ட வாம்மா, நான் பாத்துக்கறேன்” என்றார்.

ஏழு மனு கொடுத்த பிறகு ஒரு நடவடிக்கை எடுத்தார்கள். ‘அனுமதியின்றிக் குடியிருப்போர் மூன்று நாட்களுக்குள் காலி செய்யவும்’ என்று அச்சடித்து, முத்திரை குத்தி, பலகை இடுக்கு வழியாகக் குச்சியால் பரணுக்குள் தள்ளிவிட்டுப் போனார்கள். நான்காம் நாள் அம்மாவின் மெஷின்மேல் காகிதப் பஞ்சு உதிர்ந்தது. ஒரு துணுக்கில் முத்திரையின் பாதி தெரிந்தது. அதைக் கொண்டுபோய்க் கண்காணிப்பாளர் மேசையில் வைத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

“வாங்கிட்டாங்க!”

“கடிச்சுக் குதறியிருக்கு சார்.”

“வாங்காம எப்படிம்மா குதற முடியும்?”

அறிவிப்பு உரியவரிடம் நேரில் சேர்க்கப்பட்டது, எதிர்த்தரப்பு ஆட்சேபம் தெரிவிக்கவில்லை என்று கோப்பில் எழுதினார்கள். அந்த அறிவிப்பிலேயே கூடு கட்டிக்கொண்டு அணில்கள் குட்டி போட்டன.

எட்டாவது மனுவை மேலிடத்துக்கு அனுப்பினேன். மேலிடம் விழித்துக்கொண்டது. அது விழித்தால் ஒரு பிரிவு பிறக்கும். மேல்வெளிப் பிரிவு என்று பெயர் வைத்தார்கள். பணியிடம் ஒன்று. தகுதி, விலங்கியல் பட்டம். பாதிக்கப்பட்ட வீட்டில் வசிப்பவராக இருந்தால் நலம். அந்தத் தகுதி உள்ள ஒரே ஆள் அப்போது பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

நியமன உத்தரவை அப்பாதான் கையோடு கொண்டுவந்தார். தெருவிலேயே நின்று, கண்ணுக்கு எட்டினவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா அழுதாள். அழுக்குப் படாமல் உத்தரவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நான் கடைசி வரியைப் படித்தேன். ‘அணில்கள் உள்ளவரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கப்படும்.’ ஏதோ சம்பிரதாயத்துக்கு எழுதியது என்று நினைத்தேன். உள்ளே போய்விட்டால் உள்ளிருந்தே சரிசெய்துவிடலாம் என்றும் நினைத்தேன். கல்லூரியில் இந்த மாதிரி முட்டாள்தனத்துக்குத்தான் முதல் வகுப்பு கொடுத்தார்கள்.

முதல் நாளே கண்காணிப்பாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“அணிலை விரட்டறது உன் வேலை இல்ல. அதை யார் வேணா செய்யலாம். அணில் பிரச்சினையை நிர்வாகம் பண்றதுதான் உன் வேலை.”

முதல் அறிக்கையில் ‘அணில்கள் ஐந்து’ என்று எழுதினேன். கூப்பிட்டு அனுப்பினார். “ஐந்துன்னு அடிச்சுச் சொன்னா யாரோ எட்டிப் பார்த்த மாதிரி இருக்கேம்மா. சுமார்னு ஒரு வார்த்தை சேர்த்துடு.” சேர்த்தேன். ‘சுமார் ஐந்து. நிலைமை கட்டுக்குள் உள்ளது.’ அந்த அறிக்கை மேலிடத்தில் வாசிக்கப்பட்டதாம். அப்பா அதை வீட்டில் மூன்று தடவை சொன்னார்.

ஆனாலும் கம்பித் துணுக்கு உதிர்வது நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குட்டிகளும் பெரிதாகி வெளியே போக ஆரம்பித்திருந்தன, வீட்டின் பின்பக்கம் துணி துவைக்கிற மேடைமேல் நாற்காலி போட்டு, நாற்காலிமேல் முக்காலி போட்டு ஏறினேன். ஓட்டின் விளிம்புக்குக் கீழே கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. உள்ளே சத்தம் இல்லை என்று நன்றாகக் கேட்டுவிட்டு, கம்பி வலையை மடித்து வைத்து ஒன்பது ஆணி அடித்தேன். ஒன்பது என்று நன்றாக நினைவிருக்கிறது. பத்தாவது ஆணி வளைந்துவிட்டது.

எட்டு நாள் வீடு அமைதியாக இருந்தது. அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. அலுவலகத்தில் கண்காணிப்பாளர் என் மேசைக்கே வந்து, சாவு வீட்டில் பேசுகிற குரலில் கேட்டார்.

“எல்லாரும் போயிட்டாங்களாமே?”

“ஆமா சார்.”

“ஒண்ணுகூட மிஞ்சலையா?”

“இல்ல சார்.”

“மனசைத் தளரவிடாதே. வந்துடுவாங்க” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள் கீச் கீச். கண்காணிப்பாளர் கைகுலுக்கினார். அன்று அப்பா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். என் ஆணியில்தான் கோளாறு, என் படிப்பில்தான் ஓட்டை என்று நான் என்னையே திட்டிக்கொண்டேன். மறுபடி ஏறிப் பார்க்கலாம் என்றால் முக்காலியைக் காணோம். “கால் ஆடுச்சு, தூக்கிப் போட்டுட்டேன்” என்றார் அப்பா. வருடக்கணக்காக ஆடிய கால் அது.

போன வாரம் புதன்கிழமை அம்மா விளக்கு போட சுவிட்சில் கை வைத்தாள். மேலே எங்கோ கம்பி இரண்டும் ஒட்டியிருக்கிறது. பட்டென்று வெடித்தது. வலது கையில் மூன்று விரல் வெந்துபோயிற்று. மருத்துவரிடம் அம்மா முந்திக்கொண்டு சொன்னாள். “என் தப்புதாங்க. ஈரக்கையோட தொட்டுட்டேன்.” கை ஈரமாக இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். விரல் ஆறினாலும் கத்தரிக்கோல் பிடிக்க ஆறு மாதம் ஆகும் என்றார் மருத்துவர். அடுத்த தடவை விரலோடு போகாது என்றும் சொன்னார்.

அலுவலகத்தில் சொன்னேன். கண்காணிப்பாளர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா ஒண்ணு. இப்பதான் உன் பிரிவுக்கே ஒரு கனம் வந்திருக்கு” என்றார்.

அதனால்தான் இன்று கிடங்குக்கு வந்து கேட்டேன்.

“ஏணியைக் கொடுங்கண்ணே. நான் இந்த ஆபீஸ் பணியாளர்தான். எனக்கு உரிமை இருக்கு.”

“உரிமை இருக்கும்மா. யார் இல்லைன்னா?” கிடங்குக்காரர் மேசைமேல் இருந்த பதிவேட்டைத் தன் பக்கம் நகர்த்தினார். “ஆனா பதிவேட்டுல எழுதணும். எழுதணும்னா பதிவேட்டைத் திறக்கணும். உங்க அப்பா வரட்டுமே, அவர் எழுதுவாரு.”

“அப்பா எதுக்கு?”

அவர் மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வலையின் சின்ன ஜன்னல் வழியாகக் கையை விட்டு நானே பதிவேட்டை இழுத்துத் திறந்தேன்.

ஏணிப் பதிவேடு. நாள், ஏறியவர், பிடித்தவர், காரணம், திரும்ப ஒப்படைத்தவை. ஐந்து கட்டம், வருடக்கணக்காக எல்லாம் காலி. எனக்கு நியமன உத்தரவு வந்த மறுநாள்தான் முதல் வரி. ஏறியவர் கட்டத்தில் அப்பாவின் கையெழுத்து. காரணம், ‘மேல்வெளியில் நிலக்கடலை வைக்க.’ மூன்று நாளுக்கு ஒரு வரி. எல்லா வரியிலும் அப்பா. எல்லா வரியிலும் கண்காணிப்பாளரின் பச்சை மை.

நான் வலை அடித்த ஒன்பதாம் நாளின் வரி கொஞ்சம் நீளம். ‘மேல்வெளிப் பிரிவின் தொடர்ச்சியை முன்னிட்டுத் தடையை அகற்ற. திரும்ப ஒப்படைத்தவை: ஏணி 1, கம்பி வலை 1, ஆணி 9.’

என் ஒன்பது ஆணிகள். அப்பா ஒரு பொருளையும் வீணாக்க மாட்டார். நிமிர்த்திக்கூடக் கொடுத்திருப்பார்.

பிறகுதான் நடுக்கட்டத்தைப் பார்த்தேன். பிடித்தவர்.

கல்லூரி விண்ணப்பத்தில் பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று இருந்தது. அம்மா கைநாட்டு வைக்கிறேன் என்றாள். கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். தையல் சுண்ணாம்புக் கட்டியால் வெட்டுத் துணியில் எழுதிக் காட்டி, பதினோரு நாள் சொல்லிக் கொடுத்தேன். கடைசி எழுத்தை மட்டும் நூலை இழுத்து அறுக்கிற மாதிரி மேலே இழுத்துவிடுவாள். அந்தக் கையெழுத்தை அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு இடத்தில்தான் போட்டிருக்கிறாள் என்று இதுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கம் பக்கமாக இருந்தது. ஒவ்வொன்றிலும் அந்த இழுப்பு. கை பழகப் பழகக் கையெழுத்து அழகாகிக்கொண்டே வந்திருந்தது.

கடைசி வரி நேற்றைய தேதி. வலது கையில்தான் கட்டுப் போட்டிருக்கிறதே. பிடித்தவர் கட்டத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை.

“இதை எதுக்கும்மா எடுத்தே?”

அப்பா பின்னால் நின்றிருந்தார், கையில் குழாய்த் திருகியோடு. யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் கண்காணிப்பாளர். அவருக்குப் பின்னால் காது.

“அம்மாவுக்கும் தெரியுமாப்பா?”

அப்பா தரையைப் பார்த்தார்.

“நேத்தும் ஏணியைப் பிடிச்சாளா? அந்தக் கையோட?”

“இன்னும் மூணு வாரத்துல உனக்கு நீட்டிப்பு வருது” என்றார் அப்பா. “அதுங்க ரெண்டு நாளா சத்தமே போடல. உங்கம்மாதான் பயந்துட்டா. நான் வேணாம்னுதான் சொன்னேன். இன்னொரு கை இருக்குல்லன்னுட்டா. எல்லாம் உனக்காகத்தான்மா. நீயும் நாள் பூரா துணியும் நூலுமாக் கிடக்கணுமா?”

“நான் வேலை கேட்டேனாப்பா? அம்மா தலைக்கு மேல இருக்கிற அணிலை எடுங்கன்னுதானே கேட்டேன்.”

கண்காணிப்பாளர் தொண்டையைக் கனைத்தார்.

“உங்கப்பா மேல கோபப்படாதே. விதிப்படிதான் நடந்திருக்காரு.”

“ஏறக் கூடாது, பார்க்கக் கூடாதுன்னு சொன்னீங்களே சார்?”

“பார்க்கத்தானே கூடாது. கடலை வெக்கும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கிட்டாரு. அதை எழுதியும் கொடுத்திருக்காரு.” கண்காணிப்பாளர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். “இங்க யாருக்கும்மா கெடுதல் நடந்திருக்கு? அணிலுக்கு இடம் இருக்கு. உனக்கு வேலை இருக்கு. உங்கப்பாவுக்கு மரியாதை இருக்கு. ஆபீசுக்கு ஒரு பிரிவு இருக்கு. அந்த அம்மா விரல் மட்டும்தான். அதுவும் ஆறிடும்கறாங்க.”

காது தலையாட்டினார்.

என் பையில் இந்தக் காலாண்டின் அறிக்கை இருந்தது. காலையில் வீட்டில் உட்கார்ந்து எழுதியது. அப்போது எனக்குப் பதிவேடு தெரியாது, அம்மாவின் விரல் மட்டும்தான் தெரியும். மத்தியானம் அப்பாவோடு சாப்பிடும்போது பக்குவமாகச் சொல்லி, அவரைத் தேற்றிவிட்டு, பிறகு கொடுக்கலாம் என்று இருந்தேன். எப்படித் தேற்றுவது என்றுகூட வரும் வழியில் யோசித்துக்கொண்டு வந்தேன். எடுத்துக் கண்காணிப்பாளரிடம் நீட்டினேன். இரண்டே வரி. ‘அணில்கள்: இல்லை. பிரிவு: தேவையில்லை.’

“சுமார் போடலியே?” என்றார், பழக்கதோஷத்தில். பிறகுதான் முழுவதும் படித்தார். “உன் வேலையை நீயே வெட்டிக்கறியா? மேல அணில் இன்னும் இருக்கேம்மா!”

“பார்த்தீங்களா சார்?”



பதிவேட்டில் புதிய வரி எழுதினேன். இன்றைய நாள். ஏறியவர், நான். காரணம், ‘ஓட்டையை அடைக்க.’ கிடங்குக்காரர் விரலால் நடுக்கட்டத்தைத் தொட்டார். அழுகிற மாதிரி இருந்தார்.

“பிடிக்க ஆள் இல்லாம ஏணி தர விதி இல்லம்மா.”

“நான் பிடிக்கிறேன்” என்றார் அப்பா. குழாய்த் திருகியைக் கீழே வைத்தார். “நான் வந்து பிடிக்கிறேன்மா.”

“நீங்க பிடிச்சது போதும்பா.”

பிடித்தவர் கட்டத்தில் ‘சுவர்’ என்று எழுதினேன்.

“சுவரா?” என்றார் கிடங்குக்காரர்.

“அது எங்கயும் கையெழுத்துப் போடாதுண்ணே.”

உள்ளே போய் நானே ஏணியை எடுத்தேன். மூங்கில் ஏணி. ஒவ்வொரு படியும் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் என் ஆணிகள். எதிர்பார்த்தபடியே நிமிர்த்தி வைத்திருந்தார். டப்பாவைப் பையில் போட்டேன், கம்பி வலையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டேன். ஏணியைத் தோளில் ஏற்றித் திரும்பினபோது காது சட்டென்று குனிந்தார், கண்காணிப்பாளரும் குனிந்தார், கதவோரம் வேடிக்கை பார்த்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். சுவர்க் கடிகாரத்தில் பத்தரை. அணில்கள் கிளம்பிப் போயிருக்கும். நேரத்துக்கு வேலைக்குப் போகிற ஜீவன்கள் அவை மட்டும்தான்.

வராந்தா நீளமாக இருந்தது. நான் வாசற்படி இறங்கியபோதும் ஏணியின் பின்பாதி அலுவலகத்துக்குள்தான் இருந்தது. அப்பா ஓடிவந்து அதைப் பிடித்தார் போலிருக்கிறது. சட்டென்று தோளில் பாரம் குறைந்தது. நான் திரும்பவும் இல்லை, நடையைக் குறைக்கவும் இல்லை. நாலு எட்டு நடந்ததும் பாரம் முழுசாக என் தோளுக்கு வந்தது.